தையல் மிஷினும் ஐந்து நாள் ஆட்டமும்

மதுரை அனுப்பானடிப் பக்கம் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். மிஷினுக்கு எதிரே டிவி. முன்பெல்லாம் சீரியல் ஓடும். சில வருடங்களாகப் பெரும்பாலும் விளையாட்டுச் சேனல்தான். பழக்கிவிட்டவர் மாமனார். இப்போது அவர் மதியம் படுத்துவிட்டாலும் நான் சேனலை மாற்றுவதில்லை. மணிக்கணக்கில் ஆட்டம் பார்ப்பதன் சுகம் ஹைலைட்ஸில் கிடைக்காது. ஒன்றுமே நடக்காத மாதிரி தெரிகிற நேரத்தில்தான் அது இருக்கிறது.

என் வேலைக்கு மிகவும் ஒத்துவருவது டெஸ்ட் கிரிக்கெட். ஒரு நாளைக்கு 90 ஓவர். நம் நாட்டில் நடந்தால் வழக்கமாகக் காலை 9.30க்குத் தொடங்கும். சாப்பாட்டுக்கு 40 நிமிடம், டீக்கு 20 நிமிடம் இடைவேளை. கொக்கி கட்டுவது, ஹெம்மிங், பிசிறு வெட்டுவதெல்லாம் ஆட்டத்தோடு நடக்கும். துணி வெட்டுவது மட்டும் இடைவேளையில்தான். கத்தரி கையில் இருக்கும்போது கண் டிவிக்குப் போகக் கூடாது. மற்றபடி பாதி ஆட்டத்துக்குக் காதே போதும். மட்டையில் பந்து பட்ட சத்தம், கூட்டத்தின் இரைச்சல், தமிழ் வர்ணனையாளரின் குரல் ஏறுவது, இதில் ஏதாவது கேட்டால் நிமிர்ந்தால் போதும். மறுபடி காட்டிவிடுவார்கள்.

பார்க்கப் பார்க்கத்தான் உள்ளே நடப்பது பிடிபட்டது. 80 ஓவர் முடிந்ததும் புதுப்பந்து எடுக்கலாம். அந்த நேரம் நெருங்கினாலே மாமா அறைக்குள்ளிருந்து, “ஏம்மா, புதுப்பந்து எடுத்துட்டானா?” என்று கேட்பார். சுழற்பந்து வீச்சாளர் அஷ்வின் டெஸ்ட் ஆடிய காலத்தில், இடக்கை ஆட்டக்காரருக்கு அவர் போடும்போது, பந்து வரிசையாக வெளியே திரும்பிப் போகும். திடீரென்று ஒன்று மட்டும் திரும்பாமல் நேராக வந்து காலில் அடிக்கும், ஆள் அவுட். ஹைலைட்ஸில் அந்தக் கடைசிப் பந்தைத்தான் காட்டுவார்கள். அதற்கு முன் போட்ட பந்துகளைப் பார்த்திருந்தால்தான், அவர் எவ்வளவு நேரமாக அதற்கு வழி பண்ணிக்கொண்டிருந்தார் என்பது தெரியும்.

2021 பொங்கலுக்கு மறுநாள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தொடங்கிய இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்டை மறக்கவே முடியாது. இங்கே விடிவதற்கு முன்பே ஆட்டம் ஆரம்பித்துவிடும். சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 186 ரன்னுக்கு 6 விக்கெட் போன பிறகு, சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் சேர்ந்து 123 ரன் எடுத்தார்கள். கடைசி நாளில் 328 இலக்கு. ஆஸ்திரேலியா 1988க்குப் பிறகு அதுவரை அந்த மைதானத்தில் டெஸ்ட் தோற்றதே இல்லை. ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் எடுத்த 89 எல்லோருக்கும் நினைவிருக்கும். காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் புஜாராதான் முதலில் நினைவுக்கு வருவார். தோள், விரல், ஹெல்மெட் என்று அடி மேல் அடி. அப்படியும் 211 பந்து நின்று 56 ரன். அவர் நின்றதால்தான் பந்த் அடிக்க முடிந்தது. அன்று 3 விக்கெட்டில் ஜெயித்தபோது மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

கபடி வேறு ஜாதி. மொத்தம் 40 நிமிடம், ஒரு ரைடுக்கு 30 விநாடி. ஊசியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு நேரலை, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். சுற்றுக்குச் சுற்று வீரர்களின் பனியன் நிறம் மாறும். திமிலைப் பிடித்து எல்லைக்கோடு தாண்டிவிட்டால் கைதட்டல் அள்ளும். எனக்குப் பிடித்தது நின்று விளையாடும் மாடு. வாடிவாசலை விட்டு வந்ததும் ஓடாது. அப்படியே நின்று ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்கும். கிட்டே போக ஆள் இருக்காது. மைக்கில் பேசுபவர் “தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு” என்று கத்துவார். அந்த நேரத்தில் வீட்டில் மிஷின் சத்தமே இருக்காது.

குறைகளும் உண்டு. ஓவருக்கு ஓவர் விளம்பரம் வருவது பெரிய தொல்லை, சில சமயம் முதல் பந்தே போய்விடுகிறது. மழை வலுத்தால் டிஷ்ஷில் சிக்னல் நின்றுவிடும். விளையாட்டுச் சேனல்களுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். முதுகு பிடித்துக்கொள்வது உண்மை. மைதானத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும்போதெல்லாம் நானும் எழுந்து நடந்துவிட்டு வருகிறேன். இப்போது பரவாயில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, இங்கிலாந்தில் நடக்கும் டெஸ்டைச் சொல்வேன். நம் நேரத்துக்கு மதியம் 3.30க்கு ஆரம்பம், சமையல் வேலையெல்லாம் ஒதுங்கியிருக்கும். முதல் நாள் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பந்து எவ்வளவு அசைகிறது, யார் தடுமாறுகிறார், யார் பந்தை அடிக்காமல் பொறுமையாக விடுகிறார் என்று அப்போதே பார்த்துவைத்தால், மீதி நான்கு நாளும் எழுந்திருக்க மனசு வராது.