சிங்கப்பூர் – நியூயார்க் நேர் விமானம்: 17 மணி நேரமாம்!

"நியூயார்க்குக்கு நேர் விமானம் 17 மணி நேரம்தானாமே, டிக்கெட் போடலாமா?" என்று நண்பர் கேட்டார். தூரமும் நேரமும் கணக்குப் போட்டுத் தரும் ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் பார்த்திருக்கிறார். அந்த மாதிரிப் பக்கங்கள் மேல் எனக்கு நெடுநாள் கடுப்பு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே 15,300 கிலோமீட்டர் சொச்சம், அதை விமானத்தின் மணி வேகம் 900-ஆல் வகுத்தால் 17. முடிந்தது கணக்கு!

கிலோமீட்டரில் பொய் இல்லை. ஆனால் அது உலக உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரம். இரண்டு ஊரும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட எதிரெதிர். அதனால் அந்த நூல் வட துருவத்தை ஒட்டிப் போய் சைபீரியா, மங்கோலியா, சீனா வழியாக இறங்கும். விமானம் அப்படிப் பறப்பதில்லை. போகும்போது ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைத் தாண்டுகிறது. வரும்போது பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா. கவனித்தீர்களா, இரண்டு தடவையும் கிழக்கே! உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைப் பிடித்துக்கொண்டால், சுற்றிப் போனாலும் லாபம்தான். போய்த் திரும்பினால் பூமியை ஒரு வலம் வந்த கணக்கு. நேரம் 18-லிருந்து 19 மணி வரை. அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரம் ஏதோ சில்லறை என்று நினைப்பவர்கள் பதினேழாவது மணியில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்காரட்டும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரு ஊருக்கும் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். இறங்கியதும் அது காட்டுவதே உள்ளூர் நேரம். எனக்கு இதில் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம். குளிர்காலத்தில் 13 ஆகிவிடும், அப்போது இந்தச் சுகம் இல்லை. உடம்புக்கு இதெல்லாம் தெரியாது என்பது வேறு விஷயம். இரவும் பகலும் தலைகீழாகி, ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு மேசையிலேயே கண் சொக்கும்.

இந்த வழியில் பறக்கும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் ரகம்) விமானம் அமைதியானது. எகானமி வகுப்பே கிடையாது, மொத்தம் 161 இருக்கைதான். அதனால் நெரிசல் இல்லை, டிக்கெட்டும் மலிவில்லை. திரும்பும் விமானத்தில் இரவு ஏறினால் காலண்டரில் இரண்டு தேதி தள்ளி விடிகாலையில் சாங்கி. நடுவில் ஒரு நாள் எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

நண்பருக்கு என் பதில்: தாராளமாகப் போடுங்கள், இதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர வேறு வழியே இல்லை. நான் அடுத்த முறை ஃப்ராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானத்தில்தான் ஏறப்போகிறேன். ஐந்தாறு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம், முகம் கழுவலாம்.