ஸ்லீவ் ஆபரேஷன்: 14 மாதம் கழித்து எழுதுகிறேன்

மார்த்தாண்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் இடுப்பை நானே டேப் வைத்து அளந்து அளவு நோட்டில் குறித்தேன்: 51 இன்ச். எடை 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ 47. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை, ராத்திரி இன்சுலின். இன்று எடை 79, இடுப்பு 38. இன்சுலின் நின்று ஒரு வருடம் ஆகிறது. கால்முட்டு வலியில்லாமல் இப்போது மிஷின் மிதிக்கிறேன்.

செய்துகொண்டது லேப்ராஸ்கோபி ஸ்லீவ். வயிற்றில் ஐந்து சின்னத் துளைதான். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் போலக் குழாயாக்கி ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கிற பகுதியும் அதோடு போய்விடுகிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, அடித்த இடம் நூற்றில் ஒருவருக்குக் கசியலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவர் கைக்கு முழு மார்க் கொடுப்பேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குறை அதற்கப்புறம்தான். டிஸ்சார்ஜ் அன்று தந்த உணவுத் தாளில் ப்ரோக்கோலி சூப், ஓட்ஸ், கிரீக் யோகர்ட். மீன் எப்போது சாப்பிடலாம் என்று கேட்டேன். "தாளில் இருக்கிறதை மட்டும் சாப்பிடுங்க" என்றார் தாளைத் தந்த டயட்டீஷியன் (உணவு ஆலோசகர்). கடலோரத்து ஜில்லாவில் இப்படி ஒரு பதிலா! டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்த சிறுபயறு, ஐந்தாம் வாரம் முள் நீக்கிய நெய்மீன், காரம் குறைத்த புளிமுளம் மீன் குழம்பில். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் போக வேண்டும். அதனால் முதலில் மீனைத் தின்றுவிட்டுத்தான் மரச்சீனிக் கிழங்கில் கை வைப்பேன். இரண்டு துண்டுக்கு மேல் இறங்காது. தண்ணீர் அரை மணி நேரம் கழித்துத்தான்.

நாலாம் மாதம் சீப்பு நிறைய முடி வந்தது. எடை வேகமாகக் குறையும்போது இப்படிக் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும் என்று ஒருத்தர் முன்னமே சொல்லியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். மூன்று தடவை போன் பண்ணியும் டயட்டீஷியன் பேசவில்லை. ஆறாம் மாத ரத்தப் பரிசோதனையையும் யாரும் நினைவுபடுத்தவில்லை. நானே போய் எடுத்தேன். பி12-ம் இரும்புச் சத்தும் குறைந்திருந்தன. வைட்டமின் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டிய ஆபரேஷன் இது. நான் பிளவுஸ் தைத்துக் கொடுத்தாலே, கை பிடிக்கிறதா என்று மறுவாரம் கூப்பிட்டுக் கேட்பேன். நாலரை லட்சம் வாங்கியவர்கள் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஆறு மாதம் கழித்து போன் பண்ணினால் யார் எடுப்பார்கள்? நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஸ்லீவில் அது கூடலாம், அப்படிப்பட்டவர்களுக்கு இரைப்பை பைபாஸ் என்ற வேறு ஆபரேஷன் பொருந்தலாம்.

அடுத்த மாதம் என் அக்கா மகள் அதே டாக்டரிடம் போகிறாள். பயறு, முட்டை, மீன் என்று வாரவாரியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டிய பிறகே தொடங்குவாள். ரத்தப் பரிசோதனைத் தேதிகளை என் அளவு நோட்டிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.