ட்யூபிங்கனில் மூதாதையர் தேடல்: தேவாலயப் பதிவேடும் பழைய நிலப்படமும், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஜெர்மன் புராட்டஸ்டண்ட் சபைகளின் பதிவேடுகளைப் படங்களாகத் தரும் ஆர்கியோன் தளம் 2015-இல் தொடங்கியது. கட்டணச் சேவைதான். பெரும்பாலான புத்தகங்களில் பெயரைத் தட்டித் தேட வழியில்லை. வட்டாரம், சபை, புத்தகம் என்று இறங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஆகவே சந்தா எடுக்கும் முன்பே ஊர், சபை, தோராயமான ஆண்டு மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

ட்யூபிங்கன், தென்மேற்கு ஜெர்மனியில் தனி நாடாக இருந்த பழைய வூர்ட்டெம்பெர்க்கின் ஊர். இங்கே ஞானஸ்நானப் பதிவில் தொடங்குவது வீண் உழைப்பு. முதலில் ஃபமிலியன்ரெகிஸ்டரைத் திறக்கவும். 1808-இல் வந்த இந்தக் குடும்பப் பதிவேட்டில் தம்பதி, இருவரின் பெற்றோர், பிள்ளைகள் அனைவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அந்த ஆண்டில் உயிரோடிருந்த முதியவர்களும் பதிவானதால், ஒரே பக்கம் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கொண்டுபோய் விடும். அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு இங்கே 1876-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் தேவாலயமே ஆதாரம்.

இன்னும் பின்னால் போனால் கையெழுத்துதான் தடை. குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் e-யும் n-உம் ஒன்றுபோலவே தெரியும். மேலே வளைகோடு இருந்தால் அது u. '7பெர்' என்றிருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர்; 8, 9, 10 முறையே அக்டோபர், நவம்பர், டிசம்பர். இதில் தவறினால் குடும்ப மரமே கோணலாகும். பெண்களின் குடும்பப் பெயரில் 'இன்' ஒட்டியிருக்கும்: 'ம்யூலரின்' என்பவர் ம்யூலர் வீட்டுப் பெண். 'யோஹான்' எல்லா மகன்களுக்கும் இருக்கலாம், அடுத்து வரும் பெயர்தான் அழைத்த பெயர். குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது வழக்கம். இறப்புப் பதிவைப் பார்க்காமல் முதல் குழந்தையைப் பாட்டனாராக்கிவிட வேண்டாம். முப்பதாண்டுப் போரில் 1634-இல் நடந்த நோர்ட்லிங்கன் சண்டைக்குப் பின் படைகள் புகுந்த வட்டாரம் இது. அந்தக் காலத்தில் இடைவெளி வந்தால் பக்கத்து ஊர்ச் சபைகளையும் பார்க்கவும்.

நிலப்படங்களுக்கு வருவோம். 1818 முதல் 1840 வரை வூர்ட்டெம்பெர்க் முழுவதும் 1:2500 அளவில் அளக்கப்பட்டது, ஒரு செ.மீ. என்றால் தரையில் 25 மீட்டர். இந்த அளவீட்டின் பூஜ்யப் புள்ளியே ட்யூபிங்கன் கோட்டையின் வடகிழக்குக் கோபுரம். வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு என நான்கு பகுதித் தாள்களும் இந்த ஊரில்தான் சந்திக்கின்றன. ஒரு தாளின் பக்கம் சுமார் 1,146 மீட்டர். தாளின் பெயரிலுள்ள திசை எழுத்தை மாற்றிப் படித்தால் வேறு தாளுக்குப் போய்விடுவீர்கள். தாள்களைப் படங்களாக மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பார்க்கலாம்.

படத்தில் உரிமையாளர் பெயர் இராது, எண் மட்டுமே. பெயருக்கு அதே காலத்து நிலப்பதிவேடு வேண்டும். 1773-இல் தொடங்கிய கட்டடத் தீக்காப்பீட்டுப் பதிவேடு கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டு எண்கள் பிற்காலத்தில் மாற்றப்பட்டவை, இன்றைய எண்ணை அப்படியே பொருத்தக்கூடாது. மூலைவீடு, சந்து, தேவாலயச் சுவர் ஆகியவற்றை வைத்து இடத்தை உறுதிசெய்யவும்.

இத்தனையிலும் மதிப்பு மிக்கது, பலரும் தொடாமல் விடுவது, இன்வென்டூரன் உண்ட் டைலுங்கன். திருமணத்தின்போது கொண்டுவந்த பொருளும், இறந்தபின் பிரித்த சொத்தும் ஒவ்வொரு பொருளாக எழுதப்பட்ட பத்திரங்கள். பாத்திரம், படுக்கை, திராட்சைத் தோட்டம், கடன் எல்லாம் வரும். வாரிசுகள் பெயரும், அவர்கள் குடியேறிய ஊரும்கூட. பெரும்பாலும் இணையத்தில் இல்லை, ஊர் ஆவணக் காப்பகத்துக்குப் பெயரும் இறந்த ஆண்டும் குறிப்பிட்டு எழுத வேண்டும்.