பாம்பு பிடித்தது சரி, படம் பிடித்தது ஏன்?

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குள் நுழையும் பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விடும் தனியார் மீட்புச் சேவை ஒன்றை அண்மையில் எங்கள் ஊர் வீட்டுக்கு அழைத்திருந்தோம். பாம்பைக் கையாண்ட திறமையில் எள்ளளவும் குறையில்லை; அதன் பிறகு நடந்ததைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. இத்தொழிலில் உள்ள பலரும் இப்போது இவ்வழியிலேயே போவதால், சேவையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவர்களுக்கு அங்கே பாம்பு வருவதில் வியப்பிருக்காது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டுக்குப் பங்குதாரர்கள் பத்துப் பேர் இருந்தாலும், குடியிருக்க ஒருவரும் இல்லாமல், கல்யாணத்துக்கும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும் மட்டுமே கதவு திறக்கிறது. பின்கட்டில் விறகும் உடைந்த ஓடும் பழைய சாக்குகளும் கிடக்க, எலி பெருகுகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் விறகுக்கு அடியில் நழுவிய வாலைக் கண்டுவிட்டு, "ஆறடிக் கருநாகம்" என்று தெருவையே கூட்டிவிட்டார்.

மீட்பாளர் தொலைபேசியில் முதலில் சொன்னதே நன்றாக இருந்தது: யாரும் கிட்டே போக வேண்டாம், அடிக்க வேண்டாம், தூரத்தில் நின்று அது எங்கே போகிறதென்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர், எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, விறகுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியால் விலக்கினார். வெளிப்பட்டது சாரைப்பாம்பு. அதை எங்கள் ஆச்சிக்குக் காட்டி அவர் விளக்கியதுதான் அன்றைய வேலையின் சிறந்த பகுதி.

"உதட்டோரம் பாருங்க ஆச்சி, மையால கோடு போட்ட மாதிரி கறுப்பா இருக்கு. கண்ணும் பெருசு. இது சாரை, விஷம் கிடையாது."

"நல்ல பாம்போட பின்னிக்கிட்டு ஆடுறது இதுதானேப்பா? இது வந்தா அதுவும் வருமே?"

"அது ரெண்டுமே ஆண் சாரை, ஆச்சி. யாரு பெரியவன்னு மல்லுக்கட்டுறதைத்தான் நம்ம ஆளுங்க அப்படிச் சொல்றாங்க."

பாம்பு துணிப்பைக்குள் போனதும் அவர் கிளம்பிவிடவில்லை. முற்றத்து மழைநீர் போகும் துவாரத்துக்கு வலை அடிக்கச் சொன்னார்; பின்கதவின் அடியில் இருந்த இடைவெளியைக் காட்டினார்; விறகைச் சுவரை ஒட்டி அடுக்காமல் உயரமான மேடைமேல் வைக்கச் சொன்னார். பாம்பு அண்டாது என்று நிலையில் தொங்கவிட்டிருந்த ஆகாச கருடன் கிழங்கையும் அதன்கீழ் நாங்கள் வாங்கித் தூவியிருந்த பாம்பு விரட்டித் தூளையும் பார்த்துச் சிரித்தார். இத்தகைய தூள்களில் கலக்கும் அந்துருண்டைக்கும் கந்தகத்துக்கும் பாம்பு விலகிப் போவதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஆனாலும் அந்தத் தூள் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பெட்ரோல் செலவு உட்பட ஆயிரம் ரூபாய் வாங்கினார். இந்த யோசனைகளுக்கே அது தகும்.

பாம்பை விடும் இடத்தில்தான் கைப்பேசி வெளியே வந்தது. பையிலிருந்து கொட்டிய சாரையை உதவியாளர் வாலைப் பிடித்து இழுக்க, அது கழுத்தைப் புடைத்துச் சீறியது. ஓடப் பார்த்ததை மறுபடி இழுத்துச் சீறவைத்துப் படம் பிடித்தார்கள். சில நாட்களில் அந்தக் காணொளி, "செட்டிநாட்டு அரண்மனையில் புதையலைக் காத்த ராஜநாகம்" என்ற தலைப்போடும் உடுக்கைச் சத்தத்தோடும் உறவினர் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. ராஜநாகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வாழ்வது. சிவகங்கைச் சீமையின் செம்மண் பொட்டலில் அதற்கு வேலையே இல்லை. இருந்தும், வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாள் விளக்கு வைத்த பிறகு வர மறுத்துவிட்டார். மலேசியாவிலிருந்து ஒரு பங்காளி நாகதோஷப் பரிகாரத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். பூட்டிய வீட்டில் புதையல் இருப்பதாக ஊருக்கெல்லாம் அறிவித்ததைத் திருடர்களும் பார்த்திருப்பார்கள் என்பது என் தனிக் கவலை.

பாம்பைக் கண்டு அஞ்சுவது இயல்புதானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு உண்மை. 1980களில் அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேக்காவும் அவருடைய குழுவினரும் ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளை வைத்துச் சோதித்தார்கள். பாம்புக்கு அஞ்சாத அக்குரங்குகள், வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு மிரளும் காணொளியைப் பார்த்த பின் தாமும் அஞ்சத் தொடங்கின. பாம்பு இருந்த இடத்தில் பூவைப் பொருத்திய காணொளியைப் பார்த்தவை பூவுக்கு அஞ்சவில்லை. அச்சத்துக்கு நிலம் நமக்குள் முன்பே உழுது கிடக்கிறது, விதைப்பது நாம் பார்க்கும் காட்சிதான் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அடித்தவன் முகத்தை நினைவில் வைத்துப் பழிவாங்கும் பாம்பையும், பால் குடிக்கும் பாம்பையும், நாகமணி கக்கும் பாம்பையும் திரையிலும் தொடர்களிலும் பார்த்தே வளர்ந்த நம்மிடம் அந்த விதை எப்படி முளைத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதற்காக அச்சமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். கோடையில் வளவின் குளிர்ந்த தரையில் பாய் விரித்துத் தூங்கும் நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது கட்டுவிரியனுக்கு. இரவில் நடமாடும் அது, தூங்குபவரைக் கடித்தாலும் பல சமயம் வலியோ வீக்கமோ பெரிதாக இருப்பதில்லை. எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்தவர் விடிவதற்குள் மூச்சுவிடத் திணறுவார். படமெடுக்காத, சீறி ஆர்ப்பாட்டம் செய்யாத அந்தப் பாம்பை வைத்துப் பரபரப்பான காணொளி எடுப்பது கடினம் என்பதாலோ என்னவோ, அதைப் பற்றி எச்சரிக்கும் காட்சிகள் என் கண்ணில் அரிதாகவே படுகின்றன. பாயைச் சுற்றிச் செருகிய கொசுவலை நல்ல பாதுகாப்பு. கடிபட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் இல்லாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தரும், சென்னையை அடுத்த வடநெம்மேலியின் இருளர் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகிறது. 2023-இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இருளர்களே. அவர்களுக்குப் பாம்பு பிடிக்க உடுக்கைச் சத்தம் தேவைப்பட்டதில்லை.

எங்களுக்கு வந்தவரிடம் தலைப்பைப் பற்றி முறையிட்டபோது, ஆயிரம் ரூபாயில் குடும்பம் நடத்த முடியாது, காணொளி வருமானம்தான் தாங்குகிறது என்றார். அதில் நியாயம் இருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன். தீயணைப்புத் துறையை 101-இல் அழைத்தால் இதே வேலையைக் கட்டணமின்றிச் செய்வார்கள். என்றாலும் எலி வரும் வழியை அத்தனை பொறுமையாக அடைக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால், அடுத்த முறையும் இவரையே கூப்பிடுவேன். கூடுதலாக ஐந்நூறு ரூபாய் தருகிறேன், கைப்பேசி பையிலேயே இருக்கட்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வேன். காணொளியின் தலைப்பைச் "சாரைப்பாம்பு மீட்பு" என்று மாற்றிவிட்டார். உடுக்கைச் சத்தத்தை எடுக்கவில்லை.