கிருஷ்ணகிரி பக்கம் வேனுக்கு ஜன்னல் வைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

18,500 ரூபாய் போச்சு. ஆத்திரம் தாங்காமல்தான் எழுதுகிறேன். வேனை கேம்பராக, அதாவது உள்ளேயே படுத்துத் தூங்கிப் பயணம் போகிற வண்டியாக மாற்றும் ஆசையில் இருக்கிற வேறு யாரும் இப்படிப்பட்ட ஆளிடம் மாட்டக்கூடாது.

எங்களுடையது பழைய டெலிவரி வேன், பக்கம் முழுக்கத் தகரம். படுக்கை, பலகை வேலையெல்லாம் நானும் மச்சானும் வீட்டிலேயே முடித்தோம். பக்கத்துக்கு ஒரு ஸ்லைடிங் ஜன்னல், பின்கதவுக்கு ஒரு கண்ணாடி, இது மட்டும் ஓசூர் ரோட்டில் ஒரு வண்டிக் கண்ணாடிக் கடையில் கொடுத்தோம்.

அந்த ஆள் பேசின பேச்சுக்கு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். நாங்கள் கொண்டுபோன அட்டை அளவை மேஜையில் விரித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "மூலையைக் கூரா வெட்டாதீங்கண்ணா, வளைச்சு வெட்டுங்க. இல்லன்னா தகரம் அங்கிருந்துதான் கிழியும்" என்றார். உண்மையிலேயே சரியான யோசனை அது. தொழில் தெரிந்தவர் என்று மனசு அங்கேயே விழுந்துவிட்டது. "வண்டிக்குப் போடற டஃபன்டு கண்ணாடிதான், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும். நீங்க வெட்டி வைங்க, பசங்க வந்து மாட்டிடுவாங்க." மொத்தப் பணத்தையும் ஜிபேயில் வாங்கிக்கொண்டார். 18,500.

பசங்க வந்தார்கள். பின்கதவுக் கண்ணாடி ஓட்டையைவிடப் பெரிசு. ஒரு பையன் கட்டரால் கோடு போட்டு, ஓரத்தை டக்கென்று ஒடித்துவிட்டு, பீடிங்கில், அதாவது சுற்றியிருக்கிற ரப்பர் பட்டையில் சொருகினான். டஃபன்டு என்றால் சூடாக்கிப் பதப்படுத்தின கண்ணாடி, பதப்படுத்தின பிறகு வெட்டவே முடியாது, வெட்டப் போனால் மொத்தமும் பொடியாகக் கொட்டிவிடும். அவன் மாட்டினது வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாக் கண்ணாடி! பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் அது உடைந்து, அரை அடி நீளத் துண்டு கத்தி மாதிரி மெத்தையில் கிடந்தது. என் மகள் படுக்கிற இடம். அப்போது அவள் முன்சீட்டில் இருந்தாள்.

பக்க ஜன்னல்களும் வீட்டு அலுமினியச் சட்டம்தான். சுற்றிலும் வினிகர் வாடை அடிக்கிற சிலிகான். அந்த வகை வெறும் தகரத்தில் பட்டாலே துரு ஏறும். ஒரு மழைக்கே ஒழுகி, சட்டத்துக்குக் கீழே காவிக் கோடு இறங்கிவிட்டது.

போன் போட்டால் "வண்டி ஆடியிருக்கும்ணா." அப்புறம் "உங்க வெட்டு சரியில்லை." அப்புறம் "ஓனர் சேலம் போயிருக்கார்." வாட்ஸப்பில் அனுப்பின போட்டோவுக்கு நீல டிக் மட்டும். நேரில் போய் நின்றால், "பில் இருக்கா?" அவர் கொடுத்ததே 'எஸ்டிமேட்' என்று எழுதின துண்டுச்சீட்டு! 18,500 ரூபாய்க்குத் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டு என்னிடமே பில் கேட்கிறார்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. கண்ணாடி மூலையில் அழியாத ஐஎஸ்ஐ முத்திரை இல்லையென்றால் மாட்ட விடாதீர்கள். ஜன்னல் கைக்கு வந்து, அதையே வைத்து அளவெடுக்கும்வரை தகரத்தில் ஜிக்சா (வெட்டுகிற மின் ரம்பம்) வைக்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. வெட்டின ஓரத்துக்குத் துருப்பிடிக்காமல் இருக்கப் பிரைமர் அடியுங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், முழுப் பணம் முன்னாடியே தராதீர்கள். "ஆர்டிஓ எதுவும் கேக்க மாட்டாங்க" என்று அவர் சொன்னதும் பொய், வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் பாருங்கள். ஜிபே ரசீதை அழித்துவிடாதீர்கள். எனக்குக் கையில் இருப்பது அது ஒன்றுதான், அதை வைத்துத்தான் நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கப் போகிறேன்.