கலர் லேசரில் புள்ளி விழுந்தால்: ரீஃபிலா, கம்பாட்டிபிளா, ஒரிஜினலா?

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை. ஏ4 அட்டையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே ரோஸ் நிறத்தில் கடுகளவு புள்ளி. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சரியாக 75 மி.மீ. தள்ளி இன்னொன்று, அதே தூரத்தில் மூன்றாவது. எங்கள் மெஷினில் டிரம்மின் (கார்ட்ரிட்ஜுக்குள் சுழன்று, பவுடரைப் பிடித்துப் படமாக்கும் உருளை) விட்டம் 24 மி.மீ.; ஒரு சுற்றுக்கு 75 மி.மீ. சொச்சம். மெஜன்டா (ரோஸ் நிற) டிரம்மில் கீறல் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு முறை ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ் அது.

கார்ட்ரிட்ஜைக் குறை சொல்வதற்கு முன் மற்றதைப் பார்த்துவிடுங்கள். நான்கு நிறத்தையும் தனித்தனிப் பக்கமாக எடுங்கள். ஒரு நிறத்தில் மட்டும் கோளாறு என்றால் பெரும்பாலும் அந்தக் கார்ட்ரிட்ஜ்தான். எல்லா நிறத்திலும் ஒரே இடத்தில் வந்தால் பெல்ட்டையோ (நான்கு நிறத்துக்கும் பொதுவான பட்டை) ஃபியூசரையோ (பவுடரைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பகுதி) பாருங்கள். விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? 250 ஜிஎஸ்எம் அட்டையைச் சாதாரணத் தாள் செட்டிங்கில் ஓட்டியிருப்பீர்கள். மழைக்காலத்தில் திட்டுத்திட்டாக வந்தால், பிரித்து வைத்த தாளை மாற்றிவிட்டுப் புதுக் கட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

சரி, கார்ட்ரிட்ஜ்தான் காரணம் என்றால் என்ன வாங்குவது?

ரீஃபில் மலிவு, அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் புதிதாக வருவது பவுடர் (டோனர்) மட்டுமே. டிரம், அதில் மிஞ்சும் பவுடரை வழிக்கும் வைப்பர் பிளேட், டிரம்முக்கு மின்னேற்றம் கொடுக்கும் உருளையான பிசிஆர், பவுடரைச் சீராகப் பரப்பும் டாக்டர் பிளேட் எல்லாம் பழையதாகவே இருக்கும். வைப்பர் பிளேட் தேய்ந்தால் டிரம்மில் பவுடர் தங்கி, நெடுகக் கோடு விழும். பிசிஆர் அழுக்கானால் வெள்ளைத் தாளே மங்கலாகிவிடும். எங்கள் மெஷினில் வேஸ்ட் பவுடரும் அதே கார்ட்ரிட்ஜுக்குள்தான் சேர்கிறது. நிரப்புகிறவர் அதைக் கொட்டாமல் விட்டால், அது வழிந்து அடுத்த வேலையைக் கெடுக்கும். கறுப்பில் இதெல்லாம் ஓரளவு மறையும். முகம் இருக்கும் படத்தில் மறையாது. பவுடர் கொஞ்சம் மாறினாலும் மணப்பெண்ணின் முகம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.

கம்பாட்டிபிளில், அதாவது வேறு கம்பெனி செய்யும் கார்ட்ரிட்ஜில், டிரம்மும் புதிது. அதுவே பெரிய ஆறுதல். ஆனால் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நிறம் ஒத்துப்போவதில்லை. பிரின்டரில் ஃபர்ம்வேர் (உள்ளே இருக்கும் மென்பொருள்) அப்டேட் ஆனதும் அந்தக் கார்ட்ரிட்ஜின் சிப்பை ஏற்காமல் போவதும் உண்டு.

நான் ஒரிஜினலுக்கு மாறியதற்குக் காரணம் பராமரிப்புதான். டிரம், பிளேட், பவுடர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்தவை, மூன்றும் ஒரே நாளில் புதிதாகின்றன. அதனால் கோளாறு வந்தால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைகின்றன. ரீஃபிலில் பவுடரா, பிளேடா, டிரம்மா என்று தேடியே பாதி நாள் போய்விடும். அந்தப் பத்திரிகை வேலையில் 40 அட்டை வீண், அது போக ஒரு மாலைப்பொழுது. விலை கடிக்கிறது, மறுக்கவில்லை. நான்கையும் சேர்த்து வாங்கினால் சின்ன பிரின்டர் விலையை நெருங்கும். அதனால் மூன்று நிறத்துக்கு மட்டும் ஒரிஜினல், கறுப்புக்குக் கம்பாட்டிபிள். பில், கடிதம் மட்டும் அடிப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

டிரம் தனி யூனிட்டாக வரும் மெஷின் என்றால் கணக்கே வேறு. அங்கே புள்ளி விழுந்தால் டிரம் யூனிட்டை மட்டும் மாற்றலாம், டோனரில் சிக்கனம் பார்ப்பதும் சுலபம். அப்படிப்பட்ட மெஷினை நண்பர் கடையில் பார்த்ததோடு சரி, நான் ஓட்டியதில்லை. அதனால் அதற்கு எது நல்லது என்று அழுத்திச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. இப்போதெல்லாம் கார்ட்ரிட்ஜ் மாற்றிய அன்றே நான்கு நிறத்திலும் ஒரு சோதனைப் பக்கம் எடுத்து, தேதி போட்டு ஃபைலில் வைக்கிறேன். சந்தேகம் வந்தால் அதையும் புதுத் தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் அடுத்தடுத்துப் பிடித்தால் போதும், எந்த நிறம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.