லைற்றை அணைத்துத் தந்த கராஜ்

மல்லாவியில் இருக்கும் மச்சான் போன கிழமை கேட்டார், "நீங்கள் ஓடுற அதே காரை வாங்கலாமோ?" ஒரு சொல்லில் பதில் சொல்ல வரவில்லை.

யப்பானில் ஓடிய பிறகு இங்கே வந்த சின்னக் கார். மூன்று வருடமாகப் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஓடுகிறேன். பெற்றோல் செலவிலும் ஏசியிலும் குறையே இல்லை. என் கோபம் முழுக்க ஸ்ரியரிங்குக்குள் இருக்கும் ஒரு சின்ன நாடாவைப் பற்றியது.

ஒருநாள் விசுவமடுவுக்குக் கிட்ட மாடுகள் வீதியை மறித்து நிற்க, கோன் அடித்தேன், சத்தம் வரவில்லை. டாஷ்போர்ட்டில் எயார்பாக் லைற் சிவப்பாக எரிந்தது. எயார்பாக் என்றால் மோதும்போது ஊதி ஆளைக் காக்கும் காற்றுப் பை. ஒரு கராஜில் விட்டேன். கோனுக்குத் தனி சுவிட்ச் பூட்டித் தந்தார்கள். லைற்றும் அணைந்திருந்தது. சரி, திருத்திவிட்டார்கள் என்று எட்டு மாதம் ஓடினேன்.

பிறகு வேறு வேலைக்காக வவுனியாவில் விட்டபோதுதான் அங்கிருந்த மெக்கானிக் கவனித்தார். சாவியைத் திருப்பியதும் அந்த லைற் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். என்னுடையது எரியவே இல்லை. லைற்றுக்குப் போகும் வயரை வெட்டியிருந்தார்கள். ஸ்பைரல் கேபிள் அறுந்தபடியே கிடந்தது. ஸ்ரியரிங்கோடு சேர்ந்து சுருண்டு விரிந்து, கோனுக்கும் எயார்பாக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் நாடா அது. அது அறுந்தால், மோதியதை சென்சர் அறிந்தாலும் அந்தக் காற்றுப் பைக்குச் செய்தி போகாது. ஏறத்தாழ 30 மில்லி விநாடியில் ஊதி நிற்க வேண்டிய பை, எட்டு மாதம் என் நெஞ்சுக்கு முன்னால் சும்மா மடிந்து கிடந்தது. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் ஓடினேன். இதை எழுதவே கை நடுங்குகிறது.

நியாயமாகப் பார்த்தால் கார் எச்சரித்தது, அதன் வாயைக் கட்டியது மனிதர்கள். வவுனியாக்காரர் பற்றறியைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஸ்ரியரிங்கில் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும் என்றார். காரின் அடையாள எண்ணான சேசி நம்பரை, பழுதான பைகளுக்காகத் திருப்பி அழைத்த கார்களின் பட்டியலில் பார்க்கவும் சொன்னார். டகாட்டா நிறுவனத்தின் பைகளில் வாயு உண்டாக்கும் மருந்து, பல வருட வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகள் தெறித்த கதை உலகம் அறிந்தது. கோடிக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தார்கள். எங்கள் வெயிலில் நிற்கும் பழைய காருக்கு இதைப் பார்க்காமல் விடக்கூடாது. என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை.

அறுந்த நாடாவைச் சரிசெய்து பை வேலை செய்யத் தொடங்கியதும் எனக்குக் கண்டிப்பு கூடிவிட்டது. அது ஊதும் வேகம் குழந்தையைக் கொல்லக்கூடியது. கைக்குழந்தையோடு முன் சீற்றில் ஏற வந்த தங்கச்சியைப் பின்னால் அனுப்பினேன், இரண்டு நாள் கதைக்கவில்லை. மகன் டாஷ்போர்ட்டில் கால் போடுவதையும் நிறுத்தினேன். என் சீற்றைத் தள்ளி, ஸ்ரியரிங்குக்கும் நெஞ்சுக்கும் இடையே 25 சென்ரிமீற்றர் விட்டேன். பெல்ற் போடாவிட்டால் பை இருந்தும் முழுப் பலன் இல்லை.

மச்சான், இவ்வளவு நல்லது சொல்லியும் இந்தக் காரை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் விற்கவும் மாட்டேன். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பார்க்கப் போகிற அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் சாவியை நான் திருப்பிப் பார்க்கிறேன்.